திருகோணமலையில் ஐந்தாம் வார்த்தை

திருகோணமலைக்குத் தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நான் கோபித்துக்கொண்டு போனேன் என்பதை என் மனைவி எஸ்தரைத் தவிர யாரும் அறியமாட்டார்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். நான் உப்பளத்தில் வேலை பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் நண்பகலில் மும்மணி ஆராதனை தொடங்கும். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் விளக்கிப் பேசுவார்கள். உபவாசமிருந்து கேட்ட சனங்களுக்கு, ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் கஞ்சியும் கொள்ளில் அரைத்த காணத் துவையலும் கொடுப்போம். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவன் நான். எனக்கு முன்னால் என் தகப்பனார் காய்ச்சினார். ஏழு வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் உள்ளே உட்கார்ந்து முழுதாகக் கேட்டது கிடையாது. சன்னல் வழியாகப் பாதி வரும். மீதியைப் புகை தின்றுவிடும்.

இந்த வருஷம் தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கியபோது கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, எனக்கும் ஒரு வார்த்தை கொடுங்கள் என்று கேட்டேன். செயலர் சிரித்தார். "அண்ணாச்சி, வார்த்தைய நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க கஞ்சியப் பாத்துக்கிடுங்க" என்றார். இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கஞ்சி அகப்பையை எடுத்துக்கொண்டு நேரே எட்வின் வீட்டுக்குப் போனேன். எட்வின் தச்சு வேலை செய்கிறவன். வருஷக் கணக்காகப் பெரிய வெள்ளியன்று எனக்கு விறகு தள்ளுகிறவன். ஒருநாளும் அவனை நான் அகப்பையைத் தொட விட்டதில்லை. அதை அவன் வாசலில் சாத்திவிட்டு, "இந்த வருஷம் நீயே கிண்டு. நான் இலங்கைக்குப் போறேன்" என்றேன்.

அவன் முழித்தான். "அண்ணாச்சி, உப்பு எம்புட்டுப் போடணும்?"

திரும்பி நடந்தேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை திருகோணமலையில் இறங்கினேன். பஸ் நிலையத்தில் என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் வந்து நின்றது. எங்கள் ஊரில் ஆடு நிற்பதுபோல நின்றது. வாழைப்பழத் தோலைத் தின்றது, அடுத்த பஸ்ஸின் பக்கம் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"மச்சான், மானைப் பாத்தது காணும், ஏறுங்கோ" என்று மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான் சாமுவேல். என் தங்கை ராணியின் கணவன். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து அகதி முகாமில் இருந்தவன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க எங்கள் கோயிலுக்கு வந்தவன்தான், எங்கள் வீட்டு மாப்பிள்ளையானான். சண்டை முடிந்ததும் ராணியைக் கூட்டிக்கொண்டு தன் ஊருக்குத் திரும்பினான். இப்போது துறைமுகத்தடியில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறான்.

எங்கள் கடல் தட்டையானது. கரையில் நின்றால் வானம்வரை ஒரே வெளி. இங்கே கடலைக் குன்றுகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தெருமுனையில் கடல், திரும்பினால் மறுபடியும் கடல். உள் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் குளத்தில் எருமை கிடப்பதுபோல அசையாமல் கிடந்தது. அது முஸ்லிம்களின் நோன்பு மாதமும்கூட. சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் பகலில் திரை தொங்கியது. இந்த வருஷம் நம்முடைய லெந்தும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. ஊரே பசியோடு இருக்கும் ஊருக்கு வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ராணி மெலிந்திருந்தாள். கர்ப்பப்பையை எடுத்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் குசினியில் நின்று இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் செய்து வைத்திருந்தாள். நான் லெந்தில் கறி மீன் தொடுவதில்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பேச்சுதான் மாறியிருந்தது. "வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணா" என்றாள். என் தங்கை வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

ஊரிலிருந்து காணம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பையைப் பிரித்ததும் ஒரு கை அள்ளி முகர்ந்தாள்.

"அண்ணா, பெரிய வெள்ளிக்கு நீங்கள்தான் கஞ்சி காய்ச்சப் போறியள் எண்டு சபை முழுக்கச் சொல்லிப்போட்டன். இஞ்ச ஆராதனை முடிஞ்சா அவையவை வீட்டுக்குப் போயிடுவினம். எத்தனை வருசமா எனக்கு அந்தக் கஞ்சி ஆசை. காணத் துவையலோட."

கடல் கடந்து வந்தும் கஞ்சிப் பானை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது.

"கை சுளுக்கிக்கிட்டு, ராணி. மணிக்கட்டு. அகப்பை பிடிக்க முடியாது."

"ஐயோ, எந்தக் கை?"

"இது" என்று வலது கையை நீட்டினேன்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத மணிக்கட்டை நீவினாள். வயிற்றில் தையல் போட்ட பிள்ளை, குனியும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீவினாள். "நோகுதோ?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றேன்.

மறுநாள் அவர்கள் சபையின் போதகர் வந்தார். இளவயது. ராணியின் சுகம் விசாரித்து ஜெபித்த பிறகு என் பக்கம் திரும்பினார். சபை சின்னது, ஏழு வார்த்தைக்கும் ஆள் சேர்ப்பதே பாடு என்றார். ஐந்தாம் வார்த்தை பேச இருந்தவர், மகளின் பிரசவத்துக்காகக் கொழும்புக்குப் போய்விட்டாராம்.

"நீங்கள் இந்தியாவில பெரிய சபையில இருந்து வந்திருக்கிறியள். அந்த வார்த்தையை எடுப்பியளோ ஐயா? தாகத்தைப் பற்றின வார்த்தை."

ராணி பிளேன்டீ கொண்டுவந்து வைப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். நான் ஊரில் என்ன செய்கிறவன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் போன பிறகு ராணி கண் கலங்கி நின்றாள். "அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்" என்றாள். தகப்பனாரை நினைத்தபோது எனக்கு அகப்பைதான் ஞாபகம் வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டேன்.

அவளே தொடர்ந்து சொன்னாள்: "கஞ்சியை நான் பாத்துக்கொள்ளுறன் அண்ணா. சொல்லிப்போட்டன்தானே. நீங்கள் வார்த்தையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

எந்தச் சொல்லுக்காக ஊரை விட்டு ஓடி வந்தேனோ, அதையே என் தங்கை திருப்பிப் போட்டு எனக்குச் சொன்னாள். எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் பிரசங்கம் பழகக் கடற்கரைக்குப் போனேன். இரண்டு தாளில் எழுதி வைத்திருந்தேன். மரத்தடியில் நின்று, ஒரு தாளைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு, கையை உயர்த்திக் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு மான் என் முதல் தாளைத் தின்றுகொண்டிருந்தது. பிடுங்கப் போனேன். அது கொம்பை ஆட்டியது. தாகத்துக்கு நான் சேர்த்து வைத்திருந்த நல்ல நல்ல சொற்களெல்லாம் அதன் வாய்க்குள் போயின.

சற்றுத் தள்ளி ஒரு சிங்களக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா ஏதோ சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கச்சான் கடலை விற்கிற தம்பி ஒருவன் எனக்கு மொழிபெயர்த்தான்: "இந்த ஐயா மானுக்குப் புத்தி சொல்லுறார், அது கேக்காமல் கடுதாசியைத் தின்னுது எண்டு சொல்லுறா."

வீட்டில் சொன்னபோது சாமுவேல் பாண் ரொட்டியைச் சம்பலில் தோய்த்தபடி, "பரவாயில்லை மச்சான், திருகோணமலையில முதல் ஆத்துமா சேர்ந்திட்டுது" என்றான். ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் இழுக்குது" என்றாள். அன்று சாயங்காலம் எண்ணெய் வந்தபோது நான் ஞாபகப் பிசகாக இடது கையை நீட்டினேன். அவள் அதையே நீவினாள்.

வியாழக்கிழமை கஞ்சிக்கு அரிசி வாங்க, சாமுவேல் என்னைக் கிண்ணியாப் பக்கம் கூட்டிப்போனான். அங்கே அவனுக்குத் தெரிந்த அரிசி ஆலை இருந்தது. நீண்ட பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று ஆளைத் தூக்கியது. திரும்பும்போது, அரிசி மூட்டையின் பாரத்தில் பின் சக்கரம் குறிஞ்சாக்கேணியில் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. நல்ல வெயில். வண்டியைத் தள்ளிக்கொண்டே, "பயப்படாதேங்கோ, ஹனீபா நானா வீடு கிட்டத்தான்" என்றான் சாமுவேல்.

முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். ஹனீபாவுக்கு என் வயது இருக்கும். முன்பு மீனவர். இவருடைய படகு எஞ்சினைத் திருத்திப் பழகியவன் சாமுவேல். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுவது பல வருஷமாக அவருடைய வேலை. நாங்கள் போனபோது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலின் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய தேக்சாவின் முன்னால் நின்றார்.

தேங்காய்ப்பாலும் இஞ்சியும் வெந்தயமும் கொதிக்கிற வாசனை. கூடவே எனக்குத் தெரியாத ஒரு பச்சை வாசனை. ரம்பை இலை என்றார், நீளமான இலையை முடிச்சுப் போட்டுக் காட்டி.

"வாங்க, வாங்க. கதிரையில இரிங்க. ஒங்களுக்குத் தண்ணி தரவா? நாங்கதான் நோன்பு, நீங்க குடிக்கலாம்" என்றார் என்னைப் பார்த்து.

"எங்களுக்கும் லெந்துதான். பெரிய வியாழன், நானும் உபவாசம்" என்றேன்.

"அப்ப உப்புப் பாக்க ஆளில்லியே! நான் ருசி பாக்க ஏலா, நீங்களும் பாக்க ஏலா."

"எனக்கு ஒண்டும் இல்லை, தாங்கோ" என்று சாமுவேல் கோப்பையை நீட்டினான். ஒரு கோப்பை முழுவதையும் குடித்துவிட்டு, "நானா, ஒருக்காக் குடிச்சதில உப்பு விளங்கேல்லை. இன்னொருக்கா வாருங்கோ" என்றான்.

"ஒனக்கு விளங்கினா பள்ளிவாசலுக்கு மிஞ்சாது" என்று அகப்பையால் அவனை விரட்டினார் ஹனீபா.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "எத்தனையோ வருஷமா வெளியிலயே நிக்கீங்களே. உள்ள பேசணும், நாலு பேர் முன்ன நிக்கணும்னு தோணாதா?"

"பயானா? நானா?" அவர் அப்படியே சிரித்தார். "நான் பேசினா சனம் நோன்ப விட்டுட்டு ஓடிரும். பேச மௌலவி இரிக்கார்." பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு இதுக்குள்ள நிக்கத்தான் விருப்பம்."

எனக்கும் அது ஒருகாலத்தில் விருப்பமாகத்தான் இருந்தது. எப்போது அது போனது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அந்த நேரம் தொழுகைக்கு அழைப்பு வந்தது. ஹனீபா கை கழுவ வேண்டும். சாமுவேல் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "இத ஒருக்காப் பிடிங்க, விட்டா அடி பிடிக்கும்" என்று அகப்பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன்.

யோசித்து வாங்கவில்லை. கை அதுவாகவே பிடித்தது. வலது கை மேலே, இடது கை கீழே, காலை அகற்றி வைத்து, அடியைத் தொட்டு ஒரு சுற்று, ஓரத்தை வழித்து ஒரு சுற்று. அகப்பையின் நுனி தேக்சாவின் அடியில் உரசுவது கைக்குத் தெரிந்தது. மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. என்னை அறியாமல் வாய்க்குள் ஒரு கீர்த்தனைகூட முணுமுணுத்தேன் போலிருக்கிறது.

நிமிர்ந்தபோது சாமுவேல் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் வலது மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு இடது மணிக்கட்டையும் பார்த்தான்.

"மச்சான், கை சுகமாயிட்டுதோ?"

என் முகம் சிவந்தது அடுப்பு அனலால் என்று அவன் நினைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கை சுகம் என்று சொன்னால் நான் அடுப்படியில் நிற்க வேண்டும். ஐந்தாம் வார்த்தை போய்விடும். "கொஞ்சம் தேவலை" என்றேன். அவன் சக்கரத்தை மாட்டினான். பாலத்தைக் கடக்கும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படிப் பேசாமல் வருகிற மனிதனில்லை அவன். அது எனக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்தது.

பெரிய வெள்ளி. ஆலயம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு சின்ன மேட்டில் இருந்தது. வெள்ளை உடுத்திய சனங்கள் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி, அரிசியும் சிறுபயறும் போட்டுக் கொடுத்துவிட்டு, சாமுவேல் கிண்ணியாவுக்குப் போயிருந்தான். அத்தனை பேருக்குக் கோப்பைகள் சபையில் இல்லை, பள்ளிவாசல் கோப்பைகளைத் தருவதாக ஹனீபா நானா சொல்லியிருந்தார். மற்றப் பெண்கள் உதவிக்கு நிற்கிறோம் என்றதற்கு, "கிண்டுறதுதானே, நான் பாப்பன், நீங்கள் போய் ஆராதனையில இருங்கோ" என்று ராணி அனுப்பிவிட்டாள்.

வாழ்நாளில் முதல்முறையாக, முதல் நான்கு வார்த்தைகளையும் முன் பெஞ்சில் இருந்து கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தப்பு. என்னுடையதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. புகைக்கு நடுவில் நின்று கேட்ட பாதியாவது ஊரில் எனக்குள் இறங்கியிருந்தது.

என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பீடத்தில் ஏறினேன். அதன் பக்கவாட்டில் ஒரு சன்னல், திறந்திருந்தது. அதன் வழியாகப் பின்முற்றம் தெரிந்தது.

ஆண்டவர் தாகம் என்று சொன்னதில் தொடங்கினேன். குரல் நன்றாக வந்தது. முன்வரிசையில் சரோஜினி ரீச்சர் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்கு உற்சாகம் ஏறியது. "பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்" என்றேன். அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது.

அப்போது அந்த வாசனை வந்தது. அரிசிக் கஞ்சி அடிப்பிடிக்கும்போது முதலில் கருகல் வராது. பொரித்த பயறுபோல ஒரு நல்ல வாசனைதான் வரும். மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு அது என்ன என்று தெரியும். சன்னலைப் பார்த்தேன். ராணி அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டுவிட்டு, பானையின் காதுகளில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இறக்கப் போகிறாள். ஒருமுறை குனிந்தாள், முடியாமல் நிமிர்ந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் குனிந்தாள்.

நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். என் தங்கையைப் பார்த்துக்கொண்டே, பிரசங்கத்தை முடிக்க ஒரு கணம் பார்த்தேன். பிறகு வாய் பூட்டிக்கொண்டது. முகத்தைத் தோளில் கிடந்த துண்டால் மூடிக்கொண்டு படி இறங்கிப் பக்கத்து வாசல் வழியாக ஓடினேன். பின்னால் போதகர் சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்குவது கேட்டது.

"விடு, ராணி!"

அவள் விட்டாள். நான் துணியைப் பிடுங்கி, இரண்டு காதையும் இரண்டு கையால் பிடித்துப் பானையைத் தூக்கி இறக்கினேன். அடிப்பிடித்த கஞ்சியைக் கிண்டக்கூடாது, அடியைச் சுரண்டக்கூடாது. மேலாக இருந்ததை வேறு பானைக்குச் சாய்த்து ஊற்றினேன். வெந்நீரும் தேங்காய்ப்பாலும் சேர்த்தேன். அடுப்பில் ஏற்றினேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான், ராணி என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.



"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு. அவள் வாயில் அதைக் கேட்டு எத்தனை வருஷம்! "வலிக்கிற கைய மாத்தி மாத்தில்லா நீட்டுனீங்க."

"தெரிஞ்சுமா எண்ணெய் போட்டே?"

"ஊர்ல என்னவோ கோவிச்சுக்கிட்டு வந்திருக்கீங்கன்னு மதினி போன்ல சொன்னாங்க. சொல்லாத வலிக்கு வேற எங்க எண்ணெய் போட?"

அவள் தையல் பிரியாதது ஆண்டவர் கிருபை. நான் அடுப்படியிலேயே குந்திவிட்டேன். கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்ல அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

கோப்பைகளோடு ஓட்டோ வந்து நின்றது. சாமுவேலும் ஹனீபாவும் இறங்கினார்கள். ஹனீபா மூக்கைச் சுருக்கினார். "பிடிச்சிட்டோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பக்கத்து வேலியில் நின்ற ரம்பையைப் பிடுங்கி முடிச்சுப் போட்டுப் பானைக்குள் போட்டார். சாமுவேல் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தான். "அப்பாடா" என்றான். அவ்வளவுதான்.

மறுபடியும் அதே பிரச்சினை. உப்புப் பார்க்க ஆளில்லை. ஹனீபா நோன்பு. நாங்கள் உபவாசம். பெரிய வெள்ளியென்பதால் சாமுவேலும் அன்றைக்கு வாயைக் கட்டியிருந்தான். கடைசியில் ஓட்டோ ஓட்டி வந்த சிங்களத் தம்பியைக் கூப்பிட்டோம். ஒரு கரண்டி ஊதிக் குடித்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். சாமுவேல் சொன்னான்: "உப்புக் காணாதாம். மற்றபடி இப்படிக் கருகின கஞ்சிதான் தன்ர அம்மாவும் காய்ச்சுறவவாம்."

உப்பளத்துக்காரன் காய்ச்சிய கஞ்சிக்கு உப்பில்லை. எட்வின் என்னிடம் கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. கையளவு எடுத்துப் போட்டேன். கை கூசியது.

ஆராதனை முடிந்து சனங்கள் வந்தார்கள். எதைச் செய்தாலும் தப்பித்துவிட முடியாது என்று அப்போது தெரிந்தது. ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். "ஐயா, பேச ஏலாமல் அழுதுகொண்டு இறங்கினியளே, அதுதான் பிரசங்கம்." "இவ்வளவு காலம் ஐந்தாம் வார்த்தை கேட்டிருக்கிறம், இப்பிடிக் கேட்கேல்லை." சரோஜினி ரீச்சரின் கண்கள் சிவந்திருந்தன. "பேசிப்போட்டுப் போய்ப் பந்தி வேற பரிமாறுறாரே, என்ன தாழ்மை!" என்று போதகரிடம் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி ஊற்றினேன். குனிந்ததையும் தாழ்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை முழுவதும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெருவில் என்னைப் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள் என்பதால்தான். ராணி அன்று எண்ணெய் கொண்டுவரவில்லை. அதற்குப் பதில் கருப்பட்டி போட்டுச் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்கண்ணே" என்றாள்.

ஈஸ்டர் காலையில் போதகர் என்னை முன்னால் அழைத்து, சாட்சி சொல்லக் கேட்டார். ஊரில் இந்த அழைப்புக்காகத்தான் சண்டை போட்டேன். எழுந்து நின்றேன். சொன்னேன். நான் அழுதுகொண்டு இறங்கவில்லை, கஞ்சி அடிப்பிடித்தது. என் கை சுளுக்கவில்லை, கஞ்சி காய்ச்ச மனமில்லாமல் பொய் சொன்னேன். அறுவை செய்த என் தங்கையை அடுப்பில் நிற்க விட்டுவிட்டு, அவள் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றிப் பேசினேனே, அவர்களில் ஒருவன் நான்தான். ஊரில் நான் பிரசங்கி இல்லை. கஞ்சி காய்ச்சுகிறவன். எனக்கு ஆண்டவர் கொடுத்த வேலை அது. அதைக் கொண்டுபோய் ஒரு வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்தேன்.

 போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

சரோஜினி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்கள். "அப்ப ஐயா, நான் அண்டைக்கு அவ்வளவு நேரம் அழுதது அடிப்பிடிச்ச கஞ்சிக்கோ?"

முதலில் சாமுவேல் சிரித்தான். பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு போனது. ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கமிட்டியில் அவர்கள் சிரித்தபோது எரிந்த அதே இடத்தில், இந்தச் சிரிப்பும் விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் சுளுக்கு எடுக்கும்போது வலிப்பதுபோல வலித்தது. வாசலில் ரீச்சர் என் கையைப் பிடித்து, "கஞ்சி நல்லா இருந்தது. வருற வருசமும் வாங்கோ, ஆனால் உள்ளுக்கு வராதேங்கோ" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தருக்குப் போன் போட்டேன். ஈஸ்டர் வாழ்த்து சொன்ன பிறகு, கேட்கக் கூசிக்கொண்டே கேட்டேன்.

"கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பருக்கை மிச்சமில்ல."

கட்டியாக இருந்தது, உப்புக் கரித்தது, நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று அவள் சொல்வாள் என்று எனக்குள் ஒருவன் அப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவனை எண்ணி வெட்கப்பட்டேன்.

"உப்பு?"

"சரியா இருந்துச்சு. எப்படிலே தெரியும்னு நானே எட்வின்ட்ட கேட்டேன். இத்தன வருஷமா அண்ணாச்சி கையத்தான பாத்துக்கிட்டு நின்னேன்ங்கான்."

 வெளியே துறைமுகத்தில் கப்பல் ஊதியது. குசினியில் ராணி காணத் துவையலின் மிச்சத்தைப் பாணில் தடவிக்கொண்டிருந்தாள்.

"இருக்கீங்களா?" என்றாள் எஸ்தர்.

"இருக்கேன். நீ எட்வின்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு."

"என்னது?"

"அடுத்த பெரிய வெள்ளிக்கு, விறகு தள்ள அவனுக்கு ஆள் வேணுமான்னு."